பாட்டுப் பாட்டாகப் பழசாகும் படம்: 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' – ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ஹாலிவுட் மியூசிக்கல்கள், அதாவது பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்லும் படங்கள், இன்றைக்கு எடுபடுமா என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் இரண்டு பதில்கள் வந்து விழும். 'அதெல்லாம் காவியம், குறை சொல்லக் கூடாது' என்பது ஒன்று. 'நடுத்தெருவில் நின்று எவனாவது பாடுவானா' என்பது மற்றது. இரண்டுமே படத்தைப் பார்க்காமல் சொல்லிவிடக்கூடிய பதில்கள் என்பதால் எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டாக நிறுத்திப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. அதற்கு 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யைத் தேர்ந்தெடுத்தேன். அதன் புகழ் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே கதையை, அதே இசையை, 60 ஆண்டு கழித்து 2021இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மறுபடியும் எடுத்தார் என்பது. பழைய படத்தில் எது உறுத்துகிறது என்று அவர் நினைத்தார், எதை மாற்றினார், எதில் கைவைக்கவில்லை என்பதெல்லாம் நம் கண்முன்னே இருக்கிறது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எல்லாப் படத்துக்கும் அமைவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மியூசிக்கல் முழுப்படமாகப் பழசாவதில்லை. பாட்டுப் பாட்டாகப் பழசாகிறது. ஒரே படத்துக்குள் நேற்று எடுத்தது போன்ற பத்து நிமிடமும் இருக்கும், பார்க்கவே சங்கடப்படுத்தும் பத்து நிமிடமும் இருக்கும். எந்த இடம் நிற்கிறது, எந்த இடம் விழுகிறது என்பதற்குக் காரணமும் இருக்கிறது.

கதை பிறந்த விதம்

ரோமியோ – ஜூலியட் கதைதான். இத்தாலியக் குடும்பங்களுக்குப் பதில் நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் இரண்டு தெருக்கும்பல்கள். வெள்ளைக்காரப் பையன்களின் கும்பல் ஜெட்ஸ். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் கும்பல் ஷார்க்ஸ். ஜெட்ஸிலிருந்து ஒதுங்கியிருக்கும் டோனியும், ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவின் தங்கை மரியாவும் காதலிக்கிறார்கள். பெர்னார்டோவின் காதலி அனிதா. படத்தின் உயிர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் நான் அனிதாவைத்தான் காட்டுவேன்.

இது முதலில் மேடை நாடகம். 1957 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் விண்டர் கார்டன் அரங்கில் தொடங்கியது. இசை லெனர்ட் பெர்ன்ஸ்டைன், கதை வசனம் ஆர்தர் லாரென்ட்ஸ், பாடல் வரிகள் அப்போது 27 வயதே ஆன ஸ்டீவன் சோண்டைம், நடனமும் இயக்கமும் ஜெரோம் ராபின்ஸ். 1949இல் ராபின்ஸின் மனத்தில் இருந்தது வேறு கதை: கிழக்குப் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்துக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இடையிலான காதல். அது அப்படியே கிடப்பில் போனது. 1955இல் பெர்ன்ஸ்டைனும் லாரென்ட்ஸும் மறுபடி சந்தித்தபோது செய்தித்தாள்களில் மெக்சிக வம்சாவளி இளைஞர் கும்பல்களின் சண்டைதான் பெரிய செய்தி. அங்கிருந்து நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் கதை வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நால்வரும் பெரும் திறமைசாலிகள். ஆனால் நால்வரில் ஒருவர்கூடப் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர் இல்லை. தனக்கு ஏழ்மையும் தெரியாது, ஒரு புவேர்ட்டோ ரிக்கோக்காரரைக்கூடத் தெரியாது என்று சோண்டைம் தொடக்கத்திலேயே தயங்கினார். அந்த மக்கள் கதைக்குள் வந்தது, கதைக்கு ஒரு எதிர்க்கட்சி தேவைப்பட்டதால். படத்தின் இன்றைய சிக்கல்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

படத்தை ராபர்ட் வைஸும் ராபின்ஸும் சேர்ந்து இயக்கினார்கள். 70 மி.மீ. அகலப்படம், 152 நிமிடம். ஆஸ்கரில் 11 பரிந்துரைகள், 10 விருதுகள். இன்றுவரை வேறெந்த மியூசிக்கலும் அத்தனை வாங்கவில்லை. பாடல் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 54 வாரம் முதலிடத்தில் இருந்தது. கைநழுவிப்போன அந்த ஒரே விருது எது தெரியுமா? திரைக்கதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலியில் தொடங்கி அமைதியில் முடிந்த முன்னோட்டம்

கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் வரும் ஒரு திரைப்படக் கழகத்தில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த வாரங்களில் திரையிட்டோம். அரங்கின் பக்கவாட்டில் உட்கார்ந்து, திரையைவிட அவர்கள் முகங்களைத்தான் அதிகம் கவனித்தேன். எங்கே செல்போன் வெளியே வருகிறது, எங்கே உள்ளே போகிறது என்பது நேர்மையான அளவுகோல்.

தொடக்கமே சோதனை. திரையில் கோடு கோடாக ஒரு வடிவம், பின்னணி நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது, இசை ஓடுகிறது. சால் பாஸ் வடிவமைத்த முகப்பு அது. படம் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஒரு பையன் புரொஜெக்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அந்தக் கோடுகள் மெல்ல மன்ஹாட்டனின் கட்டட வரிசையாக மாறியபோதுதான் அரங்கில் ஒரு 'ஓ' எழுந்தது.

அடுத்து ஹெலிகாப்டரிலிருந்து நேர்செங்குத்தாகக் கீழே பார்க்கும் நியூயார்க். தெருக்கள், பாலங்கள், கூரைகள். அப்படியே இறங்கி ஒரு விளையாட்டுத் திடல். கம்பி வேலியில் சாய்ந்து நிற்கும் பையன்கள் விரலைச் சொடுக்குகிறார்கள். நடக்கத் தொடங்குகிறார்கள். நடையில் ஒரு கால் சற்றே நீண்டு போகிறது, ஒரு கை சற்றே விரிகிறது, அவ்வளவுதான். மறுபடி நடை. கொஞ்ச தூரம் போனதும் இன்னும் ஒரு சுழற்சி. நடை எங்கே முடிந்து நடனம் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

முதல் சுழற்சிக்கு அரங்கில் சிரிப்பு வந்தது. "ரவுடின்னா குத்தாட்டம் போடணும், இவன் என்ன பாலே ஆடுறான்" என்றான் ஒருவன். கவனியுங்கள், 'ஏன் ஆடுகிறான்' என்று அவன் கேட்கவில்லை. அமெரிக்கக் கல்லூரியில் திரையிட்டிருந்தால் அந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்கும். படத்தில் பாட்டு வருவதற்கு நம் பிள்ளைகள் காரணம் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய வழக்கம். அவர்களுக்குப் புதிதாக இருந்தது, சண்டைக்காட்சியும் பாட்டும் ஒன்றாகவே இருப்பது. நம் படங்களில் சண்டை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இங்கே அடிப்பதும் ஆடுவதும் ஒரே அசைவு.

பேச்சே ஏறக்குறைய இல்லாமல் நெடுநேரம் ஓடும் அந்தத் தொடக்க நடனக்காட்சி, அதாவது படத்தின் முன்னோட்டம், முடிகிறபோது யாரும் சிரிக்கவில்லை. இரு கும்பலும் மோதி, போலீஸ் ஊதல் ஒலிக்கிற வரை ஒரு செல்போன் வெளிச்சமும் இல்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு ராபின்ஸின் பிடிவாதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒத்திகைக்குமேல் ஒத்திகை, டேக்குக்குமேல் டேக். முன்னோட்டம், 'அமெரிக்கா', 'கூல்' ஆகியவற்றை அவரே நின்று எடுத்தார். செலவும் நாட்களும் எல்லை மீறியதும் தயாரிப்பாளர்கள் அவரைப் பாதியிலேயே வெளியேற்றினார்கள். மீதியை வைஸும் ராபின்ஸின் உதவியாளர்களும் முடித்தார்கள். ஆனாலும் இயக்கத்துக்கான ஆஸ்கர் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. அந்த விருது இருவருக்குப் பகிரப்பட்டது அதுவே முதல் முறை.

'கூல்' பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த கூரை கொண்ட கார் ஷெட். தலைவனைப் பறிகொடுத்த ஜெட்ஸ் பையன்கள் உள்ளே அடைந்து கிடக்கிறார்கள், வண்டி விளக்குகள் முகத்தில் அடிக்கின்றன. வெடித்துவிடத் துடிக்கும் உடம்பை அடக்கிப் பிடிப்பதுதான் முழு நடனமும். ஒருவன் திமிறுவான், அப்படியே உறைவான், இன்னொருவன் திமிறுவான். கான்கிரீட் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு ஆடிய நடனக்காரர்கள், படப்பிடிப்பு முடிந்ததும் தங்கள் முழங்கால் பட்டைகளை ராபின்ஸின் அலுவலக வாசலில் போட்டுக் கொளுத்தினார்களாம். அந்த வலி திரையில் தெரிகிறது. எங்கள் திரையிடலில் அதிகம் கைதட்டல் வாங்கிய இரண்டு பாட்டில் இது ஒன்று. 1961 என்று சொல்லாமல் இதை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினால் யாரும் ஆண்டைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

'அமெரிக்கா': மொட்டை மாடியில் ஒரு பட்டிமன்றம்

மற்றொரு பாட்டு 'அமெரிக்கா'. மேடையில் இதைப் பெண்கள் மட்டுமே பாடினார்கள். ஊர் நினைவில் ஏங்கும் ஒருத்தியை அனிதா கேலி செய்வாள். கேலி முழுக்கப் புவேர்ட்டோ ரிக்கோவின் மேல் விழும். நோய் பிடித்த, அசிங்கமான தீவு என்ற அளவுக்கு வரிகள் இருந்தன. அதற்கு எதிர்ப்பு அப்போதே வந்தது. நியூயார்க்கின் ஸ்பானிய மொழிப் பத்திரிகையான லா பிரென்சா, நாடகம் மேடையேறிய காலத்திலேயே கண்டித்தது. 'அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. நாம்தான் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

படத்துக்காகச் சோண்டைம் வரிகளை மாற்றினார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இரவு, மொட்டை மாடி. பெண்கள் அமெரிக்காவின் வசதியைச் சொல்லச் சொல்ல, ஆண்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைக்கிறார்கள்: வீடு கிடைக்கும், ஆனால் நம் பேச்சைக் கேட்டதும் கதவு மூடும், வேலை உண்டு, மேசை துடைக்கும் வேலை, வெள்ளைத் தோல் இருந்தால் எல்லாம் நல்லபடியே நடக்கும். 1961இல் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு படத்தில் இதைப் பாட்டாகவே சொன்னார்கள். அந்தத் தீவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பதில்களின் சூடு இன்னும் கூடுகிறது. அவர்கள் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இல்லை. சொந்த நாட்டுக்குள் ஊர் மாறியவர்கள்.

நம் பட்டிமன்றக் காதுக்கு இந்த வடிவம் உடனே பிடிபட்டுவிட்டது. ஆண்கள் ஒரு போடு போட்டதும் அரங்கின் ஒரு பக்கம் ஆரவாரம், பெண்கள் திருப்பியடித்ததும் மறுபக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாவாடையை வீசி வீசி ரீட்டா மொரீனோ ஆடுவதைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்கள்.

இந்தப் பாட்டில் கேட்பது மொரீனோவின் சொந்தக் குரல். படத்தில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

பூசிய நிறம்

படம் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ஷார்க்ஸ் கும்பல் மொத்தமும் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கிறதே, முகத்துக்கும் கழுத்துக்கும் ஒட்டவில்லையே என்று. ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: "இவங்களுக்குக் கறுப்பு பூசியிருக்காங்களா?"

ஆமாம். மரியாவாக நடித்த நடாலி வுட் ரஷ்யக் குடியேறிகளின் மகள். பெர்னார்டோவாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி. லண்டன் மேடையில் அவர் ஏற்றிருந்த வேடம் எதிர்க்கும்பல் தலைவன் ரிஃப். அங்கே வெள்ளைக்காரன், இங்கே ஒரு டப்பா சாயத்தில் புவேர்ட்டோ ரிக்கோக்காரன். அவர் நடிப்பும் நடனமும் அருமை, அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் அந்தச் சாயம் அவருடைய ஒவ்வொரு அண்மைக் காட்சியிலும் குறுக்கே வந்து நிற்கிறது.

முதன்மை வேடங்களில் இருந்தவர்களில் அந்தத் தீவில் பிறந்தவர் மொரீனோ ஒருவர்தான். உமகாவோ என்ற ஊரில் 1931இல் பிறந்து, சிறு வயதில் அம்மாவோடு நியூயார்க் வந்தவர். அவருக்கும் அதே சாயம். எங்கள் மக்கள் எல்லா நிறத்திலும் இருக்கிறோமே, எதற்கு எல்லாருக்கும் ஒரே பூச்சு என்று அவர் கேட்டபோது, நீ என்ன நிறவெறி பிடித்தவளா என்று மேக்கப்காரர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பின்னாளில் மொரீனோ பல முறை இதைச் சொல்லியிருக்கிறார். அந்த மண்ணின் பெண்ணுக்கே அந்த மண்ணின் பெண்ணாகத் தெரிய வேடம் போட்டார்கள். இதற்கு நான் காலத்தின் மேல் பழி போட மாட்டேன். சொன்னவர் அந்த அறையிலேயே இருந்தார், கேட்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது அன்னியமான விஷயமாகவும் படவில்லை. சிவந்த நிறத்து நாயகியைக் கொண்டுவந்து, முகத்தில் கறுப்பு அப்பி, கிராமத்துப் பெண் என்று நிறுத்துவது தமிழ்ப் படங்களில் இன்றும் நடக்கிறது. திரையிடலுக்குப் பின் நடந்த பேச்சு 1961ஐ விட்டு வெகு சீக்கிரம் இங்கே வந்துவிட்டது, வர வேண்டிய இடமும் அதுதான்.

இரவல் குரல்

பின்னணிக் குரல் விஷயத்தில் தமிழ்ப் பார்வையாளரும் அமெரிக்கப் பார்வையாளரும் பிரிகிறார்கள். நடாலி வுட் பாடவில்லை, மார்னி நிக்சன் பாடினார் என்பது அங்கே பெரிய ரகசியம், பிறகு பெரிய குற்றச்சாட்டு. நமக்கு அதில் என்ன இருக்கிறது? எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சௌந்தரராஜன் பாடினார் என்பது ஊரறிந்த செய்தி. டைட்டிலில் பெயர் வரும், வானொலியில் பெயர் சொல்லித்தான் பாட்டுப் போடுவார்கள். இரவல் குரல் நமக்குப் பிரச்சினை இல்லை. நமக்கு உறுத்த வேண்டியது அதை மறைத்த விதம்.

நம்மூரில் பாட்டை முதலில் பதிவு செய்து, பிறகு நடிகர் வாயசைப்பார். அங்கே வுட் தானே பாடிப் பதிவு செய்தார். அந்தப் பதிவுக்குத்தான் வாயசைத்து நடித்தார். தன் குரல்தான் வரும் என்று நம்பியிருந்தார். படப்பிடிப்பு முடிந்த பிறகு, ஏற்கெனவே அசைந்து முடிந்த உதடுகளைத் திரையில் பார்த்து, அதற்குப் பொருந்தும்படி நிக்சன் பாட வேண்டியிருந்தது. எவ்வளவு கடினமான வேலை என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். டோனியின் பாட்டு ஜிம்மி பிரையன்ட்டுடையது. மொரீனோவுக்கும் ஒரு பாட்டில் பெட்டி வாண்டின் குரல். ஐந்து தரப்பு சேர்ந்து பாடும் 'டுநைட்' பாட்டில் மரியாவின் வரியோடு அனிதாவின் வரியையும் நிக்சனே பாடினார். இத்தனைக்கும் படத்தில் அவர் பெயர் இல்லை. ஆல்பம் வருமானத்தில் பங்கு கேட்டபோது, பெர்ன்ஸ்டைன்தான் தன் பங்கிலிருந்து கால் சதவீதம் கொடுத்தார்.

விளைவு திரையில் தெரிகிறது. வுட் பேசும்போது ஒரு பெண், பாடும்போது பயிற்சி பெற்ற ஓபரா குரலுடன் வேறொரு பெண். சௌந்தரராஜன் எந்த நடிகருக்குப் பாடுகிறோம் என்பதற்கேற்பக் குரலின் தன்மையை மாற்றினார் என்பார்கள். அந்த இணைப்பு இங்கே இல்லை. 'டுநைட்' காதல் பாட்டுக்குச் செல்போன்கள் வெளியே வந்தன. இசை உன்னதம்; காட்சி, காதலர்கள் நிற்கும் ஏணிப்படியைத் தாண்டி நகரவில்லை.

காதலர்கள் சம்பந்தப்பட்ட எல்லாமே சற்றுத் தளர்ந்துதான் இருக்கிறது. கண்ட நொடியில் காதல், மறுநாள் துணிக்கடையில் பொம்மைகளை வைத்துக் கல்யாண விளையாட்டு, அண்ணனைக் கொன்றவனை அன்றிரவே மன்னித்து ஏற்றுக்கொள்வது. ஷேக்ஸ்பியரிடம் இதைக் கவிதை தாங்கியது. இங்கே பாட்டு இல்லாத இடங்களில் தாங்க எதுவும் இல்லை. திரைக்கதைக்கு மட்டும் விருது தராமல் விட்ட அந்த ஆண்டின் ஆஸ்கர் வாக்காளர்களுக்கு இது தெரிந்திருந்ததோ என்னவோ, இன்று பார்த்தால் அவர்கள் கணக்குச் சரி. தெருப்பேச்சு சீக்கிரம் காலாவதியாகும் என்று லாரென்ட்ஸ் மேடை நாடகத்துக்கே சில வசைச் சொற்களைத் தானாகப் புனைந்தார். அந்த முன்யோசனையும் படத்தைக் காப்பாற்றவில்லை. ஜெட்ஸ் பையன்கள் பேசும்போது குறும்புச் சிறுவர்களாகத் தெரிகிறார்கள், ஆடும்போதுதான் பயமாக இருக்கிறது.

எங்கெல்லாம் சாயமும் இரவல் குரலும் கொண்டு மறைத்தார்களோ அங்கெல்லாம் படம் விரிசல் விட்டிருக்கிறது. உடம்பை நம்பி எடுத்த இடங்கள் அப்படியே நிற்கின்றன. இதுதான் இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தது.

கடைக்குள் நடந்தது

ஒரு காட்சி இந்தக் கணக்கில் அடங்காமல் தனியே நிற்கிறது. மரியாவின் செய்தியோடு, டோனி வேலை பார்க்கும் டாக் என்ற முதியவரின் கடைக்கு வரும் அனிதாவை ஜெட்ஸ் பையன்கள் சூழ்கிறார்கள். வசை, பிறகு கை, பிறகு பாலியல் வன்முறையின் விளிம்பு. அதுவும் நடனமாகவே கோக்கப்பட்டது. படமெடுக்கும்போது சிறுவயதில் கேட்ட வசைகளெல்லாம் நினைவுக்கு வந்து மொரீனோ உடைந்து அழுதுவிட்டார். எங்கள் அரங்கில் அந்தச் சில நிமிடம் யாரும் அசையவில்லை. இதுவரை நாம் கைதட்டி ரசித்த அதே உடம்புகள், அதே துள்ளல், இப்போது ஒரு பெண்ணுக்கு எதிராகத் திரும்புகின்றன. பழைய மியூசிக்கல் என்றால் இனிப்பு மிட்டாய் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

2021: திருத்தமும் விலையும்

ஸ்பீல்பெர்க்கும் திரைக்கதை எழுதிய டோனி குஷ்னரும் குறைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கியிருக்க வேண்டும். ஷார்க்ஸ் வேடங்களுக்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் கலைஞர்கள். முதன்மை வேடக்காரர்கள் எல்லாரும் தாங்களே பாடினார்கள். ஸ்பானிய வசனங்களுக்கு வேண்டுமென்றே சப்டைட்டில் போடவில்லை. ஆங்கிலத்துக்கு ஸ்பானியத்தின்மேல் ஆதிக்கம் தர விரும்பவில்லை என்றார் இயக்குநர். நம் பிள்ளைகள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. புரியாத மொழியை முகம் பார்த்துப் புரிந்துகொள்வது நமக்கு அன்றாடம்.

மரியாவின் உற்சாகப் பாட்டான 'ஐ ஃபீல் பிரிட்டி'யைப் பழைய படம், பெர்னார்டோ கொல்லப்படும் கும்பல் சண்டைக்கு முன்னால் நகர்த்தியிருந்தது. 2021இல் மேடையில் இருந்தபடியே சண்டைக்குப் பின்னால் வைத்தார்கள். அண்ணன் இறந்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரவில் துப்புரவு வேலை செய்யும் பெரிய துணிக்கடைக்குள் அவள் பாடி ஆடுகிறாள். இடம் மாறியதுமே பாட்டின் பொருள் மாறிவிடுகிறது. பழைய படத்தில் போன் எடுக்க வைத்த பாட்டு, இங்கே நெஞ்சைப் பிடிக்கிறது.

ஆண்பிள்ளையாக வாழத் துடிக்கும் எனிபடீஸ் பாத்திரம் பழைய படத்தில் பெரும்பாலும் வேடிக்கைக்குத்தான் பயன்பட்டது. புதியதில் அதற்கு மரியாதை கிடைத்தது. பழைய படம் பேசாத இன்னொன்றையும் புதிய படம் முதல் காட்சியிலேயே பேசுகிறது: இடிபாடுகள், அதன் நடுவே லிங்கன் சென்டர் என்ற கலையரங்க வளாகம் வரப்போகிறது என்ற பலகை. 1960இல் முன்னோட்டத்தை 68ஆம் தெருப் பக்கம் எடுக்க முடிந்ததற்கே காரணம், அந்தக் குடியிருப்பை அரசு இடித்துக்கொண்டிருந்தது. சான் ஹுவான் ஹில் என்ற பகுதி. கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழ்ந்த இடம். 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1962 செப்டம்பரில் அங்கே எழுந்த முதல் இசையரங்கத் திறப்பு விழாவில் வாத்தியக் குழுவை நடத்தியவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். 1961இன் படத்தில் அந்த இடிபாடு வெறும் பின்புலமாக ஓடுகிறது. இரண்டு கும்பலும் எந்த மண்ணுக்காக வெட்டிக்கொள்கின்றனவோ அந்த மண்ணே கைமாறிவிட்டது என்று தெரிந்து பார்க்கும்போது, முன்னோட்டத்தின் அந்தத் திமிரே துக்கமாகிறது. மறு ஆக்கத்தின் மிகப் பெரிய சேவையாக நான் இதைச் சொல்வேன்: பழைய படத்தைப் பார்க்க நமக்கு இன்னொரு கண் கொடுத்தது.

கடைக் காட்சியும் மாறியது. டாக்கின் இடத்தில் இப்போது அவருடைய விதவை மனைவி வாலன்டினா. நடித்தவர் ரீட்டா மொரீனோ. அரியானா டெபோஸின் அனிதாவைப் பையன்கள் சூழும்போது உள்ளே வந்து நிறுத்துபவர் அவர்தான். தான் பட்டதை 60 ஆண்டு கழித்து இன்னொருத்திக்கு நேராமல் தடுக்கிறார். மொரீனோவுக்கு அன்று வாங்கித் தந்ததுபோலவே அனிதா பாத்திரம் டெபோஸுக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்தது.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒன்று கைகூடவில்லை. நடனம். ஜஸ்டின் பெக்கின் நடன அமைப்பு திறமையானதுதான். பட்டப்பகலில் தெருத்தெருவாக விரியும் 'அமெரிக்கா' கண்ணுக்கு விருந்து. ஆனால் கேமராவும் சேர்ந்து ஆடுகிறது, கூட்டம் நிறைகிறது, வெட்டு வேகமாகிறது. ஒரு உடம்பு தரையிலிருந்து எழும்பி விழும் கனத்தை உணர நேரம் கொடுப்பதில்லை. 'கூல்' இங்கே உடைந்த படகுத்துறையில் டோனியும் ரிஃபும் ஒரு துப்பாக்கிக்காகப் போடும் மல்லுக்கட்டு; கதைக்கு அது பொருத்தம், ஆனால் கார் ஷெட்டின் மூச்சுமுட்டல் போய்விட்டது. இரண்டையும் பார்த்த பிள்ளைகள் கதைக்குப் புதியதையும் ஆட்டத்துக்குப் பழையதையும் கேட்டார்கள். எனக்கும் அதே தீர்ப்புதான்.

சுமார் 10 கோடி டாலரில் எடுத்த படம், பெருந்தொற்றின் நடுவே 2021 டிசம்பரில் வெளியாகி 7.6 கோடி டாலர் அளவுக்குத்தான் உலகெங்கும் ஈட்டியது. இதை வைத்து இன்றைய ரசிகருக்கு மியூசிக்கல் வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. அந்தக் குளிர்காலத்தில் வயதானவர்கள் திரையரங்குக்கே வரத் தயங்கினார்கள். இப்படத்தின் இயல்பான ரசிகர்கள் அவர்கள்தான்.

திரையிட நினைப்பவர்களுக்கு

1961இன் படத்தை முதலில் போடுங்கள். பெரிய திரையில், நல்ல ஒலியில், சால் பாஸின் முகப்பை ஓட்டிவிடாமல். செல்போன் திரையில் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுப் படம் பழசு என்பவர்கள் படத்தைப் பார்க்கவே இல்லை, 70 மி.மீ. அகலத்துக்கு அமைத்த நடனம் அது. சாயத்தைப் பற்றியும் மார்னி நிக்சனைப் பற்றியும் படத்துக்கு முன்பே இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாதிப் படம் அந்த உறுத்தலிலேயே கழிந்துவிடும். சொல்லிவிட்டால் மொரீனோவைப் பார்க்கக் கண் மிச்சமிருக்கும்.

அடுத்த வாரம் ஸ்பீல்பெர்க்கின் படம். முழுதாகப் போட நேரமில்லை என்றால் இடிபாடுகளில் தொடங்கும் முதல் காட்சி, துணிக்கடைப் பாட்டு, வாலன்டினா உள்ளே வரும் காட்சி ஆகிய மூன்றையும் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். எங்கள் அரங்கைப் பூட்டும் நேரம் தாண்டியும் அந்தப் பேச்சு ஓயவில்லை.